மேடையைத் துறக்காத மேதை

விடுதி அறையில் ஒருநாள் இரவு எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். உலகின் தலைசிறந்த நடிகர் யார் என்பதே கேள்வி. ஆளுக்கொரு பெயரைச் சொன்னார்கள். நான் ஆங்கில நடிகர் பால் ஸ்கோபீல்டின் பெயரைச் சொன்னேன். "அவர் எத்தனை படங்களில் நடித்தார்?" என்று கேட்டான் நண்பன். "அதிகமில்லை" என்றேன். அறையே சிரித்தது. அன்று வாயடைத்துப்போன நான், சொல்லத் தவறிய விடையை இங்கே எழுதுகிறேன்.

1922-ஆம் ஆண்டு பிறந்த ஸ்கோபீல்டு ஒரு தலைமையாசிரியரின் மகன். பள்ளி நாடகத்தில் ஜூலியட்டாக வேடமிட்ட அந்தச் சிறுவன், வளர்ந்தபின் பர்மிங்காம் நாடகக் குழுவில் இயக்குநர் பீட்டர் புரூக்குடன் சேர்ந்தார். அந்தக் கூட்டுறவு ஆங்கில மேடைக்கு வாய்த்த நற்பேறு எனலாம். 1955-இல் இருவரும் 'ஹாம்லெட்' நாடகத்தை மாஸ்கோ வரை கொண்டு சென்றனர். 1962-இல் ஸ்ட்ராட்போர்டில் 'லியர் மன்னன்' நாடகத்தை அரங்கேற்றினர். கண்டவர் இரங்குவதற்கென்றே வந்த கிழவனாக லியரை அவர் ஆக்கவில்லை. பிடிவாதமும் கடுமையும் நிறைந்த மனிதனாகவே காட்டினார். 2004-இல் ராயல் ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவின் நடிகர்கள், ஷேக்ஸ்பியர் நாடக நடிப்புகளில் மிகச் சிறந்ததென வாக்களித்தது இந்த லியருக்கே!

மன்னன் கேட்டும் மனச்சான்றை விற்க மறுத்துத் தலையை இழந்தவர் சர் தாமஸ் மோர். அவரைப் பற்றி ராபர்ட் போல்ட் எழுதிய 'எ மேன் ஃபார் ஆல் சீசன்ஸ்' நாடகத்தில் 1960 முதல் ஸ்கோபீல்டு மோராக நடித்தார். அதுவே 1966-இல் திரைப்படமாகி அவருக்கு ஆஸ்கார் பரிசைப் பெற்றுத் தந்தது. விழாவுக்கு அவர் போகவில்லை. உடன் நடித்த வெண்டி ஹில்லர் பெற்றுக்கொண்டார். வேறொருவராயின் படங்களை வாரிக் குவித்திருப்பார். இவரோ மேடையையே தம் வீடாகக் கொண்டார். 'சர்' பட்டம் தேடி வந்தபோதும் வேண்டாமென மறுத்தார்.

இதனால் நமக்கு இழப்பு இல்லையா? உண்டு. 1979-இல் 'அமேடியஸ்' நாடகத்தில் சாலியேரியாக முதன்முதலில் நடித்தவர் ஸ்கோபீல்டு. 1984-இல் வந்த படத்தில் அந்த வேடம் மற்றொருவருக்குப் போயிற்று; அவர் ஆஸ்காரும் பெற்றார். ஸ்கோபீல்டின் சாலியேரியோ திரை விழுந்ததும் மறைந்துவிட்டது. இலண்டன் அரங்கின் வாசலையும் காணாத என் போன்றோருக்கு அது எட்டாக் கனியே. இதை எண்ணும்போது எனக்கும் வருத்தந்தான்.

எனினும் அவர் செய்ததே சரி என்பேன். படத்தில் மோர் நீதிமன்றத்தில் நிற்கும் காட்சியைப் பாருங்கள். குரலை உயர்த்தாமலே அவையை அடக்குகிறார். அந்த நிதானம் படப்பிடிப்புத் தளத்தில் திடீரென்று பிறந்ததன்று. இலண்டனிலும் நியூயார்க்கிலும் இரவுதோறும் அதே வேடத்தைத் தாங்கித் தாங்கி விளைந்தது. நாம் போற்றும் அந்தப் படமே மேடை கொடுத்த கொடை! மேடையை விட்டிருந்தால் அந்த மோரும் நமக்குக் கிடைத்திருக்க மாட்டார்.

ஸ்கோபீல்டு 2008-இல் மறைந்தார். எத்தனை படங்கள் என்று கேட்ட நண்பனுக்கு என் விடை இதுதான்: எண்ணிக்கையை விடு, அந்த ஒரு படத்தைப் பார். பிறகும் சிரிப்பு வந்தால், நானும் உன்னுடன் சேர்ந்து சிரிக்கிறேன்.