கைக்குழந்தை மூச்சில் சத்தமா?

பிறந்தது முதல் குழந்தையின் மூச்சில் 'கர்... கர்...' என்று சத்தம். பால் குடித்தால், அழுதால் அது கூடுகிறது. திருச்சி ஆனாலும் ஸ்ரீரங்கம் ஆனாலும் பாட்டிமார் சொல்வது ஒன்றுதான்: "சளி! வளர்ந்தால் சரியாகிவிடும்."

பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர்.

இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாய், அபூர்வமாகச் சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இரண்டு வளைவாக இருக்கும். அது மூச்சுக்குழலையும் உணவுக்குழலையும் மோதிரம்போல் சுற்றி நெருக்கும். கஷாயத்தால் அந்த வளையம் கழலாது.

1945-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் ராபர்ட் கிராஸ் அத்தகைய வளையத்தை அறுத்து ஒரு குழந்தையைக் காப்பாற்றினார். இன்று ஸ்கேன் எடுத்தால் வளையம் தெரிந்துவிடும்.

ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரியைத் தாண்டினால் புத்தூரில் அரசு ஆஸ்பத்திரி. பெருமாளைச் சேவிக்கட்டும், டாக்டரிடமும் காட்டட்டும். உதடு நீலம் பூத்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது!