மரகதப் புறாவுக்கு ஒரு வக்காலத்து

தமிழ்நாட்டின் சின்னங்களாகச் சர்க்கார் அங்கீகரித்திருப்பவற்றுள் பனைமரத்தை அறியாத தமிழர் இலர். செங்காந்தளை மழைக்காலத்து வேலியோரங்களில் பலரும் கண்டிருப்பர். வரையாட்டைப் படத்திலேனும் பார்த்திருப்பர். ஆனால் பக்ஷிகளுள் அந்த ஸ்தானத்தைப் பெற்ற மரகதப் புறாவை நேரில் கண்டவர் எத்தனை பேர் என்று நமது நேயர்களைக் கேட்டால், உயரும் கைகள் மிகச் சிலவாகவே இருக்கும் என்பது நமது அபிப்பிராயம். கோபுர மாடங்களில் குடியிருக்கும் மாடப்புறாவே அது என்று எண்ணுவோர் உண்டு. ஆலமரத்தில் கூட்டமாய் வந்து பழந்தின்னும் மஞ்சட்கால் பச்சைப் புறாவே அது என்று சாதிப்போரும் உண்டு. இவர்கள் அறியார், அந்தப் பச்சைப் புறா மகாராஷ்டிரம் தனக்கென்று வரித்துக்கொண்ட பறவை!

மரகதப் புறா மாடப்புறாவினும் சிறியது. அலகு முதல் வால் நுனி வரை ஏறக்குறைய 10 அங்குலம். இறக்கைகளும் முதுகும் பளபளக்கும் பச்சை, கழுத்தும் மார்பும் திராக்ஷை ரசம் தோய்ந்தாற்போன்ற கபில நிறம், அலகு பவளம். ஆண் பறவைக்கு உச்சந்தலை சாம்பல் நிறம், நெற்றியும் புருவமும் வெண்மை, தோளில் ஒரு வெள்ளைத் திட்டு. பெண்ணுக்கு இவ்வளவு அலங்காரம் இல்லை. 1758-ல் ஸ்வீடன் தேசத்துப் பண்டிதர் லின்னேயஸ் இதற்குச் சாஸ்திரப் பெயர் சூட்டியபோது 'இந்திய' என்னும் அடைமொழியையே கொடுத்தார். ஆயினும் இது நமக்கு மட்டும் சொந்தமன்று. இலங்கையிலும் மலேசியாவிலும் இந்தோனேஷியத் தீவுகளிலும் வாழ்வதே.

இத்தனை வர்ணங்களையும் அணிந்த பறவை வெயிலில் வந்து தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளிலும், மூங்கிற் புதர்களிலும், பழைய நிழல் மரங்களைக் காத்துவைத்திருக்கும் காப்பித் தோட்டங்களிலும், பெரும்பாலும் தரையில் நடந்தே அது இரை தேடுகிறது. தனித்தோ ஜோடியாகவோ, சருகுகளின் இடையே உதிர்ந்த பழங்களையும் விதைகளையும் பொறுக்கும், கறையானையும் விடாது. மனித அரவம் கேட்டால் உயரே எழும்பாமல், மரங்களினூடே தாழ்வாக, அம்பு போல் நேரே பாய்ந்து மறையும். குரலோ மூக்கால் முனகுவது போன்ற மெல்லிய 'ஹூ...ஊன்'. தொண்டைப் பையில் ஊறும் பாலைத் தாயும் தந்தையும் குஞ்சுகளுக்கு ஊட்டுவது புறா ஜாதி முழுவதற்கும் பொது வழக்கம். ஆனால் மற்றப் புறாக்களின் முட்டைகள் வெள்ளை வெளேரென்றிருக்க, இது சுள்ளிக் கூட்டில் இடும் இரண்டும் பாலாடை நிறமாயிருக்கும்.

மேலே சொன்னவற்றுள் நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றே: இப்பறவையின் ஜீவனம் மரத்தடியில் இருக்கிறது. மரம் நட்டுவிட்டால் காடு உண்டாகிவிட்டதென்று எண்ணிக்கைக் கணக்கு வாசிப்பது நம்மிடையே வழக்கமாய்விட்டது. யூகலிப்டஸ் மரத்தை வரிசையாக நட்டு, அடியில் முளைப்பதையெல்லாம் வெட்டித் துடைத்த நிலம் கணக்கில் காடாகலாம். மரகதப் புறாவுக்கு அது பாலைவனம். பலஜாதி நிழல் மரங்களை வெட்டிச் சில்வர் ஓக் ஒன்றையே வளர்க்கும் தோட்டங்களிலும் அதற்கு உதிர்பழம் கிடைப்பது அரிது.

"இப்பறவை அழியும் நிலையில் இல்லையே, உலகில் ஏராளமாக இருக்கிறதே" என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நிற்கலாம். வாஸ்தவந்தான். ஆனால் தடையுத்தரவு என்பது வீடு இடிந்த பிறகு கேட்கும் பரிகாரமன்று. உலகக் கணக்கு நமது மலைகளுக்குக் கணக்காகவும் மாட்டாது.

1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கண்ணியிலிருந்தும் துப்பாக்கியிலிருந்தும் இதைக் காக்கிறது. கண்ணாடியிலிருந்து காக்கவில்லை! தாழ்வாகவும் வேகமாகவும் பறக்கும் இப்பறவை, கண்ணாடிச் சுவரில் பிரதிபலிக்கும் மரங்களை மெய்யான மரங்களென்று நம்பிப் பாய்ந்து மோதுகிறது. சிங்கப்பூரில் கட்டிடங்களில் மோதி அடிபடும் பறவைகளுள் மரகதப் புறா அடிக்கடி காணப்படுவது. நமது மலைகளிலோ, காட்டு விளிம்பில் தரை முதல் கூரை வரை கண்ணாடி பதித்த உல்லாச விடுதிகள் எழும்பி வருகின்றன. காட்டை ரசிக்க வந்தவர் உள்ளே காப்பி அருந்துகையில், காட்டின் சின்னம் வெளியே கழுத்தொடிந்து விழுவது என்ன அழகு?

கண்ணாடியின் வெளிப்புறத்தில் இரண்டு அங்குலத்திற்கு ஒரு புள்ளியோ கோடோ இட்டால் பறவை விலகிப் போய்விடும். விடுதிக்குச் செலவிடும் பணத்தில் இது ஓர் அற்பத் தொகை. மலைப் பிரதேசத்தில் கட்டிட அனுமதி வழங்கும்போது இந்த நிபந்தனையையும், காட்டை ஒட்டிய பக்கத்தில் புதரும் சருகும் அகற்றப்படாத ஒரு துண்டு நிலம் விடவேண்டும் என்பதையும் அதிகாரிகள் எழுதலாம். இரண்டு வரி போதும். வருகிற மானியக் கோரிக்கை விவாதத்தில், நமது சட்டசபை அங்கத்தினர்களுள் ஒருவரேனும் வன மந்திரியிடம் இதைக் கேட்பாரா?