மயக்க மருந்தின் அளவைக் கருவி தீர்மானிக்கலாமா?



அறுவைச் சிகிச்சை என்றதும் நம் குடும்பங்களில் முதலில் எழும் அச்சம் கத்தியைப் பற்றியதன்று, மயக்கத்தைப் பற்றியதே. 'மயக்கம் தெளியாமல் போய்விடுமோ' என்று சிலர் கலங்குவர். 'பாதியில் விழிப்பு வந்துவிடுமோ' என்று வேறு சிலர் அஞ்சுவர். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடத்தப்பெற்று 2014இல் வெளியான பெரும் ஆய்வின்படி, இடையில் விழிப்பு வந்ததாகக் கூறியவர்கள் ஏறத்தாழ 19,000 பேருக்கு ஒருவரே. எனினும், மருந்து மிகுந்தால் இரத்த அழுத்தம் வீழும். குறைந்தால் உணர்வு திரும்பும். இவ்விரண்டுக்கும் நடுவே சரியான அளவைக் காத்து நிற்பதே மயக்க மருத்துவரின் பணி.

இப்பணியில் கணினியும் துணைக்கு வந்துள்ளதை அறிவீர்களா?

உங்கள் இல்லத்துக் குளிர்சாதனப் பெட்டியை எண்ணிப் பாருங்கள். உள்ளே வெப்பம் கூடினால் அது தானே இயங்கும். போதிய அளவு குளிர்ந்ததும் நின்றுவிடும். இக்கருவியும் அவ்வாறே. நோயாளியின் நெற்றியில் ஒட்டப்படும் பட்டை, மூளையின் மின்னலைகளைக் கருவிக்கு அனுப்புகிறது. கருவி அவற்றை 0 முதல் 100 வரையிலான ஓர் எண்ணாக மாற்றுகிறது. முழு விழிப்பில் அது 100ஐ ஒட்டியிருக்கும். அறுவைக்கு 40 முதல் 60 வரை ஏற்றது. எண் ஏறினால், புரோபோஃபால் என்னும் மயக்க மருந்தை நரம்பில் செலுத்தும் பம்பின் வேகத்தைக் கணினி கூட்டுகிறது; இறங்கினால் குறைக்கிறது.

மூளை மின்னலையைக் கொண்டு மயக்கத்தைத் தானே இயங்கச் செய்யும் முயற்சியை, அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிக்ஃபோர்டு என்பவர் 1950ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். நம் நாட்டில், சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஜி.டி. பூரியும் அவர்தம் குழுவினரும் இத்தகைய கருவியை உருவாக்கினர். மனிதர் கையால் மருந்தைக் கூட்டிக் குறைப்பதைவிட, அது மயக்கத்தின் ஆழத்தைச் சீராக வைத்திருந்ததை 2007இல் வெளியான அவர்களது ஆய்வு காட்டிற்று.

அவ்வாறாயின் மருத்துவர் தேவையில்லையா? தேவை; மிகவும் தேவை! கருவி காண்பது ஓர் எண்ணை மட்டுமே. கெட்டமைன் என்னும் மருந்தைக் கொடுத்தால், நோயாளி ஆழ்ந்த மயக்கத்தில் இருக்கும்போதே அந்த எண் உயரக்கூடும். அதனை நம்பிக் கருவி மேலும் மருந்து செலுத்தினால் விளைவு என்னவாகும்? மின்சாரத்தால் இரத்தக் கசிவை அடைக்கும் கருவியும் மின்னலைப் பதிவைக் குழப்பும். திடீரென இரத்தம் பெருகினால், மூச்சுத் தடைப்பட்டால், அந்நேரத்தில் முடிவெடுக்க வேண்டியவர் அருகில் நிற்கும் மருத்துவரே. சலிப்பின்றி அளவைப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலையைக் கருவி ஏற்பதால், நோயாளியை முழுமையாகக் கவனிக்க அவருக்கு நேரம் கிடைக்கிறது. அதன் உண்மையான பயன் இதுவே.

ஆகவே, உங்கள் இல்லத்தில் ஒருவருக்கு அறுவை நிகழவிருந்தால், முன்னதாகவே மயக்க மருத்துவரைச் சந்தித்துப் பேசுங்கள். அன்றாடம் உட்கொள்ளும் மாத்திரைகள், நாட்டு மருந்துகள், ஒவ்வாமை, புகைப் பழக்கம், ஆடும் பல், இரத்த உறவினர் எவருக்கேனும் முன்பு மயக்க மருந்தால் நேர்ந்த தொல்லை ஆகிய எதையும் மறைக்காதீர்கள். பிறர்முன் சொல்லக் கூச்சமாயின் தனியே கூறுங்கள். நெற்றிப் பட்டை இவற்றில் ஒன்றையும் அறியாது. நீங்கள் சொன்னால்தான் மருத்துவர் அறிவார்.