பதினைந்து விநாடி முகம்

பூந்தமல்லியைத் தாண்டி, பெங்களூரு நெடுஞ்சாலையில் செம்பரம்பாக்கத்தில் இருக்கிறது ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டி. 2017-ல் தொடங்கிய பிக் பாஸ் தமிழ் நிகழ்ச்சியின் வீடு எழுப்பப்படும் இடம் அது. அங்கே மாதக்கணக்கில் இரவும் பகலும் கேமரா ஓடுகிறது. வெளியே இருந்து பார்ப்பவர்கள் எடைபோடுவது பெரும்பாலும் முகத்தைத்தான். யார் எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, யார் பக்கத்தில் ஒருவர் அழும்போதும் முகம் மாறாமல் இருந்தார், யாருடைய குரலில் ஏற்ற இறக்கமே இல்லை என்று கவனிக்கிறார்கள். ‘நடிக்கிறார்’, ‘திமிர் பிடித்தவர்’, ‘மனசாட்சியே இல்லை’ என்ற தீர்ப்பு அன்றிரவே கைப்பேசிகளுக்கு வந்துவிடுகிறது.

இதே வட்டாரத்தில், பூந்தமல்லியிலிருந்து ஆவடி, அம்பத்தூர் வரை, தெரபி மையங்களில் ‘இங்கே பாரு, என் கண்ணைப் பாரு’ என்று ஆட்டிச நிலையில் இருக்கும் குழந்தைகளுக்குப் பயிற்சி நடக்கிறது. கண்ணைப் பார்க்காத முகத்தை ஊர் எப்படி எடுத்துக்கொள்ளுமோ என்ற பெற்றோரின் பயம்தான் அந்தப் பயிற்சிக்கு அடியில் இருக்கிறது. பயம் நியாயமானது. ஆனால் அதற்கான மருந்தைக் குழந்தையின் கண்ணில் தேடுவது தவறு என்பதே இவ்விதழின் நிலைப்பாடு. சமூக ஊடகங்களில் பெயர்பெற்ற ஆட்டிச நிலையாளர்களின் பொதுவாழ்க்கையைக் கூர்ந்து பார்த்தால் இது விளங்கும்.

முதலில் ஓர் ஆய்வு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டல்லஸ் வளாகத்தைச் சேர்ந்த நோவா சாசனும் அவருடைய குழுவினரும் 2017-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆட்டிச நிலையில் இருக்கும் பெரியவர்களும் இல்லாதவர்களும் பேசும் சிறு துணுக்குகளை, யார் எவர் என்று சொல்லாமல், முன்பின் அறியாதவர்களிடம் காட்டி, பேசியவர்களைப் பற்றி என்ன தோன்றுகிறது என்று கேட்டார்கள். சில நொடிகளிலேயே ஆட்டிச நிலையாளர்கள்மீது சாதகமற்ற எண்ணம் உருவாகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து பேசவும் பலர் தயங்கினார்கள். காணொளியிலும், குரலை மட்டும் கேட்டபோதும், அசையாத படத்திலும் இதே கதைதான். ஒரே ஒரு வடிவத்தில் மட்டும் அந்த வேறுபாடு காணாமல் போனது. பேசிய சொற்களை எழுத்தாக மட்டும் படிக்கக் கொடுத்தபோது, இரு தரப்பினரையும் ஒன்றுபோலவே மதிப்பிட்டார்கள்.

சொன்ன விஷயத்தில் குறையில்லை. சொன்ன முகத்தையும் குரலையும்தான் பார்த்தவர்கள் ஒதுக்கினார்கள் என்று இதற்குப் பொருள். ஆட்டிசப் பயிற்சித் துறையில் இருப்பவர்கள் இதை அப்படியே கடந்துபோகக் கூடாது.

இந்த முடிவை வைத்துக்கொண்டு கடந்த இருபது ஆண்டு இணைய வரலாற்றைப் பார்த்தால் ஒன்று புலப்படும். வலைப்பதிவுக் காலம் எழுத்தின் காலம். நேரில் நான்கு பேர் நடுவே வாய் திறக்க முடியாதவர், நள்ளிரவில் தனக்கு வேண்டிய அவகாசம் எடுத்துத் தட்டச்சு செய்து, மறுநாள் ஆயிரம் பேருக்குப் பேச முடிந்தது. 2020 ஜூன் இறுதியில் இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் பதினைந்து விநாடிக் காணொளிகளுடன் வந்தது. அன்றிலிருந்து பொதுவெளியில் கேட்கப்பட வேண்டுமென்றால் முகம் காட்டியாக வேண்டிய நிலை. எந்த வடிவத்தில் ஆட்டிச நிலையாளர்களுக்கு இழப்பு அதிகம் என்று சாசன் குழு காட்டியதோ, அந்த வடிவமே இன்று வாசற்படி ஆகிவிட்டது.

முகம் காட்டிப் பேசுவதன் விலையை முன்னரே அனுபவித்தவர் ஆட்டிச நிலையாளரான மெல் பேக்ஸ். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் வாழ்ந்த பேக்ஸ், 2007 ஜனவரியில் யூடியூபில் ‘இன் மை லாங்குவேஜ்’ என்ற காணொளியைப் போட்டார். முதல் பாதியில் பேச்சே இல்லை. கைகளை அசைக்கிறார், ஒரே இசைத்துணுக்கை முனகுகிறார், குழாய் நீரில் விரலை விட்டு அளைகிறார். இரண்டாம் பாதியில் அவர் தட்டச்சு செய்ததைக் கணினிக் குரல் வாசிக்கிறது. தன் முனகலும் தொடுதலும் அர்த்தமற்ற அசைவுகள் அல்ல, சுற்றியுள்ள ஒவ்வொன்றோடும் தான் நடத்தும் உரையாடல் என்றும், மற்றவர்களின் மொழியைக் கற்றுக்கொண்ட பிறகே தன்னைச் சிந்திக்கத் தெரிந்தவராக உலகம் ஏற்கிறது என்றும் அது வாதிடுகிறது. சி.என்.என். தொலைக்காட்சி அவரைத் தேடிச் சென்றது. மருத்துவர் சஞ்சய் குப்தா அவரைப் பேட்டி கண்டார்.

புகழ் வந்த வேகத்தில் சந்தேகமும் வந்தது. பேக்ஸ் இளவயதில் வாயால் பேசியவர், கல்லூரிக்குச் சென்றவர். அதை வைத்து, இவருக்கு உண்மையிலேயே ஆட்டிசம் இருக்கிறதா என்று ஒரு கூட்டம் ஆண்டுக்கணக்கில் துருவியது. வளர வளரப் பேச்சுத் திறனை இழப்பவர்கள் உண்டு என்பது இத்துறையினருக்குத் தெரியும். களைப்பிலும் பதற்றத்திலும் பேச்சு வந்துபோவதும் தெரியும். பொதுமக்களுக்குத் தெரியாது. 2020 ஏப்ரலில், 39 வயதில் பேக்ஸ் இறக்கும்வரை அந்தச் சந்தேகம் ஓயவில்லை.

சமூக ஊடகம் வருவதற்கு முன்பே நம் நாட்டிலிருந்து ஒருவர் இதே சோதனையைக் கடந்தார். மைசூரிலும் பெங்களூருவிலும் வளர்ந்த டிட்டோ ராஜர்ஷி முகோபாத்யாயின் நூல் 2000-ல் இங்கிலாந்தில் வெளியானது. பேச்சு மிகக் குறைவாக இருந்த அந்தச் சிறுவன் எழுதியதுதானா என்று லண்டனில் வல்லுநர்கள் சோதித்துப் பார்த்த பிறகே உலகம் நம்பியது. இங்கே இத்துறையினர் இரண்டு பொறுப்புகளை ஒரே நேரத்தில் சுமக்க வேண்டியிருக்கிறது. டிட்டோவின் தாய் சோமா உருவாக்கிய விரைவுத் தூண்டல் என்ற தொடர்பு முறையை அமெரிக்கப் பேச்சு மொழி கேட்டல் சங்கம் 2018-ல் பரிந்துரைக்க மறுத்தது. பிறர் கையைப் பிடித்துத் தட்டச்சு செய்விக்கும் முறையையும் அது ஏற்கவில்லை. சொற்கள் உதவியாளருடையவையாகிவிடும் ஆபத்து மெய்யானது. அதைச் சோதிக்கத்தான் வேண்டும். ஆனால் தன் விரலால் தனியாகத் தட்டச்சு செய்பவரையும் அதே குற்றக் கூண்டில் நிறுத்துவது அநியாயம். முறையைச் சந்தேகிக்கலாம், முறையைச் சந்தேகிக்கிற சாக்கில் மனிதரை வாழ்நாள் முழுக்க விசாரிக்கக் கூடாது.

காலநிலைச் செயற்பாட்டாளர் கிரெட்டா துன்பெர்க் விஷயத்தில் இந்த விசாரணை வேறு வடிவம் எடுத்தது. 2018 ஆகஸ்ட் 20 அன்று ஸ்வீடன் நாடாளுமன்றத்தின் முன் அட்டையோடு உட்கார்ந்த அந்தப் பதினைந்து வயதுப் பெண், ஓராண்டுக்குள் உலகமே அறிந்த முகமானாள். 2019 செப்டம்பரில் ஐ.நா.வில் பேசியபின், கரியமில வாயு பற்றிச் சொன்னதைவிட அவள் முகம் சுளித்த விதமே அதிகம் பேசப்பட்டது. ஃபாக்ஸ் நியூஸ் விருந்தினர் ஒருவர் அவளை மனநோயாளி என்று சொல்லி, அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அதற்குச் சில வாரம் முன்புதான் ஆட்டிச வகைகளில் ஒன்றான தன் ஆஸ்பெர்கர் நிலை ஓர் அபார ஆற்றல் என்று அவள் ட்விட்டரில் எழுதியிருந்தாள். செய்தித்தாள்கள் அந்தச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டன. சூழல் சரியாக அமைந்தால் என்று அவள் போட்ட நிபந்தனையும், போராட்டத்துக்கு முன் நண்பர்களே இல்லாமல், யாரோடும் பேசாமல், சாப்பிடவும் முடியாமல் கிடந்ததாக அவள் சொன்னதும் உதிர்ந்துபோயின. பெற்றோருக்கு ஆலோசனை சொல்பவர்கள் கிரெட்டாவை உதாரணம் காட்டும்போது அந்த நிபந்தனையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எலான் மஸ்க்கை உதாரணம் காட்டுவது இன்னும் ஆபத்து. 2021 மே மாதம் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி மேடையில், தனக்கு ஆஸ்பெர்கர் இருப்பதையும் கண்ணைப் பார்த்துப் பேசுவது குறைவாக இருக்கும் என்பதையும் அவர் சொன்னார், கைதட்டினார்கள். அவ்வளவு பணம் இருந்தால் கண்ணைப் பார்க்காமலும் பேசலாம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலைக்கு நேர்காணல் போகும் இளைஞருக்கு அந்தச் சலுகை கிடையாது.

தமிழில் இந்தப் பொதுவாழ்க்கை பெற்றோர் வழியாகத்தான் தொடங்கியது. வலைப்பதிவராக அறியப்பட்ட எழுத்தாளர் யெஸ். பாலபாரதி, ‘ஆட்டிசம்: சில புரிதல்கள்’ நூலையும் ‘துலக்கம்’ நாவலையும் எழுதினார். லக்ஷ்மி பாலகிருஷ்ணன் ‘எழுதாப் பயணம்’ எழுதினார். தமிழ் வாசகர்களுக்கு ஆட்டிசத்தைத் தமிழிலேயே பேசக் கற்றுக்கொடுத்த எழுத்துகள் இவை. அந்தக் கடன் பெரிது. ஆனால் ஆட்டிச நிலையாளர் தானே பேசும் தமிழ்க் குரல்கள் இன்னும் அரிது. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஹரி ஸ்ரீனிவாசன் ஆங்கிலத்தில் எழுதுகிறார். தட்டச்சு வழியே பேசும் அவர் 2022-ல் பெர்க்லியில் பட்டம் பெற்று, வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் நரம்பியல் ஆய்வுக்குச் சென்றார். அமெரிக்க அரசின் ஆட்டிச ஒருங்கிணைப்புக் குழுவிலும் 2021-ல் இடம்பெற்றார். அதிக உதவி தேவைப்படும் ஆட்டிச நிலையாளர்கள் ஆய்வுகளிலும் விடுபடுகிறார்கள், பெருமைப் பேச்சுகளிலும் விடுபடுகிறார்கள் என்பது அவர் திரும்பத் திரும்ப எழுப்பும் குறை. நன்றாகப் பேசத் தெரிந்த, கேமரா முன் இயல்பாக இருக்கத் தெரிந்த சிலரே ஆட்டிசத்தின் முகமாகிவிடும் இன்றைய ரீல்ஸ் உலகத்துக்கு இந்தக் குறை அப்படியே பொருந்துகிறது.

அந்த உலகத்தின் தகவல் தரமும் கவலை தருவது. டிக்டாக்கில் அதிகம் பார்க்கப்பட்ட 133 ஆட்டிசத் தகவல் காணொளிகளை அமெரிக்காவில் ஆராய்ந்து 2023-ல் ஒரு கட்டுரை வந்தது. 27 சதவீதம் சரியானவை. 41 சதவீதம் தவறானவை. மீதி, ஒருவர் அனுபவத்தை எல்லோருக்கும் பொதுவாக்கியவை. ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் ஷிப்ட் முடித்து வரும் தகப்பன் மையத்துக்கு வருமுன் பார்த்துவிட்டு வருவது இத்தகைய காணொளிகளைத்தான். அவரைக் கடிந்துகொள்ளாமல், எதைப் பார்த்தார் என்று கேட்டு அதிலிருந்தே பேச்சைத் தொடங்குவது நல்லது.

எல்லாவற்றிலும் வருத்தம் தருவது வேறொன்று. முதல் நாள் கதறி அழும் குழந்தை, ஆறு மாதம் கழித்துப் பாட்டுப் பாடும் அதே குழந்தை என்று தெரபி மையங்களே போடும் ரீல்ஸ். பெற்றோர் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பதினெட்டு வயதுக்குக் கீழ் பெற்றோரின் ஒப்புதலையே கேட்கிறது. ஆனால் நான்கு வயதில் தரையில் புரண்ட காட்சி, பதினெட்டு வயதில் வேலை தேடும்போதும் இணையத்தில் இருக்கும். தான் கேட்காத பொதுவாழ்க்கை ஒன்று அந்தக் குழந்தைக்குக் கிடைத்துவிடுகிறது. அதில் அதன் மிகப் பலவீனமான நொடியே முகப்பு. சட்டம் கேட்காததை இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவர்களின் மனசாட்சி கேட்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளைப் பொதுவெளியில் இழிவுபடுத்துவது, அவர்களின் உரிமைகளுக்கான 2016-ன் சட்டத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். காட்சி ஊடகங்கள் அவர்களைச் சித்திரிக்கும் விதம் பற்றி 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்தது. 2025 ஆகஸ்டில் மாற்றுத்திறனாளிகளைக் கேலி செய்த யூடியூப் நகைச்சுவையாளர்களை அதே தளங்களில் மன்னிப்புக் கேட்கச் சொன்னது. கேலி செய்பவரைத் தடுக்க இவ்வளவு வந்துவிட்டது. அன்போடு பதிவேற்றுபவரை நிறுத்திக் கேட்கத்தான் யாரும் இல்லை.

செய்யக்கூடியது கையருகிலேயே இருக்கிறது. ‘ஆவாஸ்’ என்ற மாற்றுத் தொடர்புச் செயலி சென்னையில் உருவானது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்த அஜித் நாராயணன், மாற்றுத்திறனாளிகளுக்கான வித்யாசாகர் அமைப்போடு சேர்ந்து அதை வடிவமைத்தார். இன்று தமிழிலும் இயங்குகிறது. பேச்சு வரவே வராது என்று முடிவான பிறகு கடைசியாக எடுத்துத் தரும் பொருளாக அதை வைத்திருக்கும் பழக்கம் போக வேண்டும். கண்ணைப் பார்க்கப் பழக்கும் மணிநேரங்களில் ஒரு பகுதியைத் தட்டச்சுக்கும், ‘வேண்டாம்’ என்று சொல்லப் பழகுவதற்கும் ஒதுக்கலாம். சாசனும் கெர்ரியான் மாரிசனும் 2019-ல் வெளியிட்ட தொடராய்வில், எதிரே இருப்பவர் ஆட்டிச நிலையாளர் என்று தெரிவித்ததும் பார்ப்பவர்களின் மதிப்பீடு உயர்ந்தது. ஆட்டிசம் பற்றி ஏற்கெனவே அறிந்தவர்களிடம் இன்னும் உயர்ந்தது. ஆகவே பயிற்சியில் ஒரு பங்கு ஊருக்கும் சேர வேண்டியது. பள்ளி ஆசிரியருக்கு, பேருந்து நடத்துநருக்கு, தொழிற்பேட்டையின் மனிதவள அலுவலருக்கு.

அடுத்த இதழிலிருந்து இங்கே வெளியாகும் நிகழ்வாய்வுகளில் குழந்தையின் முகம் தெரியும் படம் இடம்பெறாது. கட்டுரை அனுப்புபவர்கள் பெற்றோரின் ஒப்புதலோடு இன்னொரு குறிப்பையும் சேர்த்து அனுப்ப வேண்டும்: குழந்தையிடம் எப்படிக் கேட்கப்பட்டது, பேச்சாலா, படத்தாலா, செயலியாலா, குழந்தை என்ன பதில் சொன்னது என்று.