தூண்டிற்காரரும் மீனின் பெயரும்

பிடித்த மீனின் நீளத்தைத் தூண்டிற்காரர் கைவிரித்துக் காட்டும்போது கேட்பவர் நகைப்பது உலக வழக்கம். அம்மீனின் பெயரை அவர் கூறினாலோ, எவரும் மறுவினா எழுப்புவதில்லை. காவிரியின் பெருமீனாகிய மகசீரின் வரலாற்றை நோக்கினால், ஐயுற வேண்டியது பெயரையே என்பது விளங்கும்.

மகசீர், கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த நன்னீர் மீன். சென்னை மாகாணத்தில் அதிகாரியாயிருந்த எச். எஸ். தாமஸ் என்னும் ஆங்கிலேயர் 1873இல் வெளியிட்ட தூண்டில் நூலால் இதன் புகழ் கடல் கடந்தது. 1946இல் மைசூர் வான் இங்கன் குடும்பத்தார் ஒருவர் கபினி ஆற்றில் 120 ராத்தல், அதாவது ஏறத்தாழ 54 கிலோ எடையுள்ள ஒன்றைப் பிடித்தார். இத்தகைய மீனைப் பலர் 'பொன் மகசீர்' என்றே எழுதி வந்தனர். உண்மையான பொன் மகசீரோ கங்கை முதலிய இமயத்து ஆறுகளுக்கு உரியது. தில்லிப் பக்கத்து அன்பர்கள் அதனை அறிந்திருக்கக்கூடும்.

பெயர் பிழைத்ததே தவிர, கண் பிழைக்கவில்லை. காவிரிக் கரையில் கர்நாடகத்துக் காலிபோர் முகாமில் தூண்டிலிட்டோர், தம் நதியில் இருவகை மகசீர் உண்டெனத் தெளிவாகக் கண்டிருந்தனர். ஒன்று முதுகில் திமிலும் செம்மஞ்சள் துடுப்பும் உடையது. மற்றது நீலத் துடுப்புடையது. இவ்வளவு தெளிந்த வேற்றுமைக்கு அறிஞர்களிடம் சரியான பெயர் இல்லை என்பதுதான் வியப்பு. 1940களில் சுந்தர்லால் ஹோரா திமில் மீனுக்கு 'முசுல்லா' என்னும் பழைய பெயரைச் சூட்டினார். அப்பெயர் வேறொரு பேரினத்து மீனுக்கு உரியதென்று 2013இல் நிறுவப்பட்டது. ஆக, நூறாண்டுக்கு மேலாக உலகப் புகழ் பெற்றிருந்த மீன் பெயரற்று நின்றது!

இது ஏட்டுச் சண்டைதானே என்று எண்ண வேண்டா. முகாமில் பிடித்த மீனை உயிருடன் ஆற்றிலேயே விட்டுவந்தனர். பின்னர் எவரும் சரிபார்க்க இயலாது. குறிப்பேடு ஒன்றே சாட்சி. 1998 முதல் 2012 வரையிலான அக்குறிப்பேடுகளை ஆராய்ச்சியாளர் பின்னாளில் எண்ணிப் பார்த்தனர். நீலத் துடுப்பு மீன்கள் பெருகிக்கொண்டே வந்திருந்தன. அவை காவிரியின் குடிகள் அல்ல. பம்பாய்க்கு அருகே லோணாவ்ளாவில் டாட்டா மின் நிறுவனத்தாரின் பொரிப்பகத்தில் வளர்த்த குஞ்சுகளை, 1970களிலிருந்து நல்லெண்ணத்துடன் ஆற்றில் விட்டதன் பயன். திமில் மீன்களோ ஆண்டுக்காண்டு அருகின. அகப்பட்டவையும் பெரிய, முதிய மீன்களாகவே இருந்தன, இளமீன்களைக் காணோம். இரண்டையும் 'மகசீர்' என்று ஒரே பத்தியில் எழுதியிருந்தால், ஆறு செழிக்கிறது என்றே கணக்குக் காட்டியிருக்கும்.

பெயரில்லாத மீனை அழிவுப் பட்டியலில் சேர்ப்பது எங்ஙனம்? நீலகிரி அடிவாரத்தில் ஓடிப் பவானியில் கலக்கும் மாயாற்றில் கிடைத்த திமில் மீன்களை ஆராய்ந்து, 2018இல் விடை கண்டனர். கேரளத்துப் பாம்பாற்றில் முன்னரே அறியப்பட்டு, விலங்கியல் அறிஞர் ரெமாதேவியின் பெயர் இடப்பட்ட இனமே இது எனத் தெளிந்தது. அவ்வாண்டே 'அழிவின் விளிம்பில்' உள்ள இனமாக உலகப் பட்டியலில் ஏறியது.

எனினும் தூண்டிற்காரரின் கண்ணுக்கும் எல்லை உண்டு. வளர்ந்த மீனின் திமிலை எவரும் காண்பர். குட்டி மீனில் அது புலப்படுவது அரிது. நிறமோ நீருக்கேற்ப மாறும். தடித்த உதட்டைக் கண்டு வேறினம் என்பாரும் உளர். ஒரே இனத்தில் தடித்த உதடும் மெல்லிய உதடும் காணப்படுவதை அவர் அறியார். இதனாலேயே ஒரு கிலோ எடைக் குட்டியை 'நீலத் துடுப்பு' என்று எழுதும் கை சற்றே தயங்க வேண்டும் என்பேன். பெயர் உறுதிப்படாவிடில் அவ்விடத்தை வெறுமையாக விடலாம். மீனை நீரை விட்டு அதிக நேரம் எடுக்காமல் பக்கவாட்டில் ஒரு படம் பிடித்து, துடுப்பின் நிறத்தையும் இடத்தையும் நாளையும் எழுதி வைத்தால், மரபணுவை ஆய்வோருக்கு எங்கே தேடலாம் என்பதாவது தெரியும்.