வேண்டாம் என்ற வீராங்கனை

அமெரிக்காவில் கூடைப் பந்து ஆடுவதையே தொழிலாகக் கொண்ட கோஷ்டிகள் பல உண்டு. கோடிக்கணக்கில் பணம் புரளும் தொழில் அது. ஆண்டுக்கு ஒரு முறை அந்தக் கோஷ்டிகளின் முதலாளிகள் கூடி, காலேஜ் படிப்பை முடித்துவிட்டு வரும் ஆட்டக்காரர்களை முறை வைத்துப் பொறுக்கி எடுத்துக் கொள்வார்கள். 1977-ம் ஆண்டு அப்படிக் கூடியபோது, ஏழாவது சுற்றில், 137-வது பெயராக நியூ ஆர்லியன்ஸ் நகரத்து 'ஜாஸ்' கோஷ்டியார் ஒரு பெயரைச் சொன்னார்கள். லூஸியா ஹாரிஸ்! இத்தனை வாலிபர்களுக்கு நடுவே ஒரு பெண்ணின் பெயர்! அவளுக்குப் பிறகும் இன்னும் பல ஆண்கள் தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

எட்டு ஆண்டுகளுக்கு முன்பும் ஒரு கோஷ்டி இப்படி ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னதுண்டு. ஆனால் அதைச் சங்கத்தார் செல்லாது என்று தள்ளிவிட்டார்கள். லூஸியாவின் பெயரை யாரும் தள்ளவில்லை. பந்தைத் தூக்கிக்கொண்டு போய் ஆட வேண்டியதுதான் பாக்கி.

லூஸியா, "வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள்.

ஏன் என்று தெரிந்துகொள்வதற்கு முன் அவள் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா?

மிஸிஸிப்பி ராஜ்யத்தில் மின்டர் ஸிட்டி என்று ஒரு சிற்றூர். பெயரில்தான் ஸிட்டி, சுற்றிலும் பருத்திக் காடு. அங்கே வாரத்துக்கு நிலம் உழுத ஒரு கறுப்பர் குடும்பத்தில், பதினோரு குழந்தைகளில் பத்தாவதாக 1955-ல் லூஸியா பிறந்தாள். பள்ளிக்கூடம் விட்டால் பருத்தி எடுக்கப் போக வேண்டும். பருத்தி வேலை முடிந்தால் வீட்டுக் கொல்லையில் அண்ணன்மாரோடும் அக்காமாரோடும் கூடைப் பந்து. இரவில் தாயார் "தூங்கு" என்று அதட்டிய பிறகு, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு டெலிவிஷனில் பந்தயம் பார்ப்பாள். ஆஸ்கர் ராபர்ட்ஸன் என்ற ஆட்டக்காரர் என்றால் அவளுக்கு உயிர்.

ஆறடி மூன்று அங்குல உயரம்! உயரமாக வளரும் பெண்ணை உலகம் சும்மா விட்டுவிடுமா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாட்டுக் கட்டிப் பரிகாசம் செய்தார்கள். "இவளுக்கு எங்கே மாப்பிள்ளை தேடுவது?" என்று உயரமான பெண்ணைப் பெற்ற தாய்மார் கவலைப்படுவதை நாமும் கேட்டிருக்கிறோம். பரிகாசம் செய்தவர்கள் ஆட்ட மைதானத்துக்கு வந்து பார்த்தபோது வாயை மூடிக்கொண்டார்கள்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் லூஸியா ஆல்கார்ன் காலேஜில் சேர்வதாக இருந்தாள். அங்கே பெண்களுக்குக் கூடைப் பந்துக் கோஷ்டியே கிடையாது. ஆட்டம் அதோடு முடிந்திருக்க வேண்டியது. அந்தச் சமயத்தில்தான் கிளீவ்லண்ட் என்ற ஊரிலுள்ள டெல்டா ஸ்டேட் கலாசாலையிலிருந்து அழைப்பு வந்தது.

அந்தக் கலாசாலைக்கும் ஒரு கதை உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. 1930-களின் ஆரம்பத்தில் அங்கே பெண்கள் கோஷ்டி ஒன்று இருந்தது. அதில் மார்கரெட் வேட் என்ற பெண் ஆடினாள். 1932-ல் நிர்வாகிகளுக்கு ஒரு ஞானோதயம் பிறந்தது: இந்த ஆட்டம் பெண்களின் மெல்லிய உடம்புக்குத் தாங்காது! கோஷ்டியைக் கலைத்து விட்டார்கள். (அதே ஊரில் பெண்கள் வெயிலில் நாளெல்லாம் பருத்தி எடுப்பது மட்டும் எந்த உடம்புக்கும் தாங்கும் போலிருக்கிறது.) ஆட்டக்காரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? தங்கள் ஆட்ட உடைகளைக் குவித்துக் கொளுத்தி விட்டார்கள்.

நாற்பது வருஷம் கழித்து, பள்ளி கல்லூரிகளில் பெண்களுக்குப் பாரபட்சம் கூடாது என்று 1972-ல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. மறு வருஷம் டெல்டா ஸ்டேட் கோஷ்டி மறுபடி உயிர் பெற்றது. அதைப் பயிற்றுவிக்க அழைக்கப்பட்டவர் அதே மார்கரெட் வேட் அம்மாள்! அப்போது அவருக்கு வயது அறுபது. அவருடைய கோஷ்டியில் சேர்ந்த லூஸியா, ஆரம்பத்தில் அதில் ஒரே கறுப்புப் பெண். வெள்ளை மாணவர்களுக்கு மட்டுமே என்றிருந்த அந்தக் கலாசாலை, கறுப்பு மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கிச் சில வருஷங்களே ஆகியிருந்தன.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1974-75-ல் டெல்டா ஸ்டேட் பெண்கள் 28 பந்தயங்கள் ஆடினார்கள், இருபத்தெட்டிலும் ஜயம். மூன்று வருஷம் தொடர்ந்து பட்டம் வைத்திருந்த இம்மாகுலாடா காலேஜை இறுதிப் பந்தயத்தில் 90-81 என்று தோற்கடித்தார்கள். அடுத்த இரண்டு வருஷமும் தேசியப் பட்டம் அவர்களுக்கே. தம் காலேஜ் நாட்களில் 115 பந்தயங்களில் லூஸியா 2,981 புள்ளிகள் எடுத்தார். பெண்கள் ஆட்டத்துக்குக் கூடிய கூட்டமும் வசூலும் ஆண்கள் ஆட்டத்துக்கு இல்லை! கலாசாலை மாணவர்கள் அவரையே விழா ராணியாகத் தேர்ந்தெடுத்தார்கள். கறுப்புப் பெண் ஒருத்தி அங்கே அந்த மகுடம் சூடியது அதுவே முதல் தடவை.

1976-ல் கனடாவில் மான்ட்ரீல் ஒலிம்பிக். அதுவரை ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப் பந்துக்கு இடமே கிடையாது. முதல் பந்தயம் ஜப்பானோடு. முதன் முதலாகக் கூடைக்குள் பந்தைப் போட்டது லூஸியாவின் கை. இனி எத்தனை ஒலிம்பிக் நடந்தாலும் அந்த முதல் பந்து அவருடையதுதான். பந்தயம் என்னவோ ஜப்பானுக்கே போயிற்று. கடைசியில் ரஷ்யப் பெண்களுக்குத் தங்கம், அமெரிக்கருக்கு வெள்ளி.

இப்போது அந்த "வேண்டாம்" விஷயத்துக்கு வருவோம்.

1977-ன் தொடக்கத்தில், பள்ளி நாளிலிருந்தே பழகியவரை லூஸியா மணந்துகொண்டார். ஜாஸ் கோஷ்டியின் அழைப்பு வந்தபோது அவர் கர்ப்பவதி. அது ஒரு காரணம். இன்னொன்றையும் அவர் ஒளிக்கவில்லை. பெண்களுக்குள் தமக்கு நிகரில்லை. ஆனால் உலகத்தின் தலைசிறந்த ஆண் ஆட்டக்காரர்களோடு மோதி நிற்க முடியும் என்று அவர் நம்பவில்லை. அந்த அழைப்பில் விளம்பர வாடையும் அவருக்கு அடித்தது. தம்மை வேடிக்கைப் பொருளாக்கிக்கொள்ள அவர் விரும்பவில்லை. பிற்காலத்தில் எத்தனை பேர் துளைத்துத் துளைத்துக் கேட்டபோதும், அதற்காக வருந்தவில்லை என்றுதான் சொன்னார்.

நான் அவர் பக்கம். "பிள்ளைக்காகப் பெரிய வாய்ப்பைத் தியாகம் செய்த தாய்" என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அங்கே தியாகம் செய்ய என்ன இருந்தது? அவரோடு காலேஜ் முடித்த ஆண்களுக்கு ஒரு தொழில் காத்திருந்தது. பெண்களுக்கு ஆண்களின் கோஷ்டியில் ஒட்டுத் திண்ணை, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. 1978 முடிவில் பெண்களுக்கென்று ஒரு தொழில்முறைப் பந்தயம் ஆரம்பமாயிற்று. 1979-80-ல் லூஸியா ஹூஸ்டன் நகரத்துக் கோஷ்டிக்காகச் சிறிது காலம் ஆடினார். மூன்றே பருவங்களில் அந்தப் பந்தயம் மூடுவிழா கண்டது. பின்னால் 1997-ல் நிலையான ஒன்று தொடங்கியபோது அவருக்கு வயது நாற்பத்திரண்டு.

இருபத்திரண்டு வயதில் ஆயிரக்கணக்கானவர்கள் கை தட்டிய ஒருத்திக்கு, இருபத்தைந்தில் அந்த ஓசை அடியோடு நின்றுவிட்டால் எப்படி இருக்கும்? ஆண் பிள்ளையாகப் பிறந்திருந்தால் மேலே போக வழி இருந்திருக்கும் என்ற எண்ணம் அவருக்கு உண்டு, அதையும் சொல்லியிருக்கிறார். உற்சாகமும் சோர்வும் மாறி மாறி ஆட்டி வைக்கும் மனநோய் அவரைப் பற்றியது. வைத்தியம் செய்துகொண்டார், அதை மூடி மறைக்கவும் இல்லை. நாலு பேருக்குத் தெரிந்தால் குடும்பத்துக்கு அவமானம் என்று நாம் சர்க்கரை வியாதியைச் சொல்லிவிட்டு இதை மட்டும் விழுங்குகிறோமே, அந்த வழக்கம் அவரிடம் இல்லை.

தாம் படித்த கலாசாலையிலேயே உத்தியோகம் பார்த்தார். மேல் படிப்பும் முடித்தார். டெக்ஸஸில் பெண்கள் கோஷ்டி ஒன்றுக்குப் பயிற்சியாளராக இருந்தார். பிறகு மிஸிஸிப்பிக்கே திரும்பிப் பள்ளிக்கூட உபாத்தியாயினியானார். இரண்டு ஆண், இரட்டைப் பெண், ஆக நான்கு குழந்தைகள்.

1992-ல் மாஸசூஸெட்ஸிலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்தில், கூடைப் பந்தின் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். கறுப்புப் பெண்களில் அந்தக் கௌரவம் பெற்ற முதல்வர் அவர்தான். மேடைக்கு அவரை அழைத்துச் சென்றவர், சிறுமியாக இருந்தபோது போர்வைக்குள்ளிருந்து பார்த்தாரே, அதே ஆஸ்கர் ராபர்ட்ஸன்.

பிறகு பல வருஷங்கள் ஊர் அவரை மறந்தே இருந்தது. 2021-ல் அவரைப் பற்றி 'கூடைப் பந்து ராணி' என்று இருபத்திரண்டு நிமிஷச் செய்திப்படம் ஒன்று எடுத்தார்கள். வேறு யாரும் விளக்கம் சொல்வதில்லை. நரைத்த தலையோடு லூஸியாவே உட்கார்ந்து பேசுகிறார். பேச்சுக்கு நடுவே அடிக்கடி வாய்விட்டுச் சிரிக்கிறார். 2022 ஜனவரி 18-ல், அறுபத்தாறாவது வயதில் அவர் காலமானார். மார்ச் மாதம் அந்தப் படத்துக்கு ஆஸ்கர் பரிசு கிடைத்தது.