வேகத்துக்கு ஒரு வேலி

மோட்டார் ஓட்டுகிறவரிடம் வேக வரம்பைப் பற்றி அபிப்பிராயம் கேட்பதும், மருமகளிடம் மாமியாரைப் பற்றி அபிப்பிராயம் கேட்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். என்ன பதில் வரும் என்பது கேட்பதற்கு முன்பே தெரியும். ஆனாலும் பதிலை முழுக்கக் கேட்டால் அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கக் காணலாம்.

பிரிட்டனைச் சேர்ந்த வேல்ஸ் நாட்டில் இந்தப் பதில் கேட்காமலே வந்து சேர்ந்தது. 2023-ம் வருஷம் செப்டம்பர் 17-ந் தேதி முதல், வீடுகள் நெருங்கித் தெருவிளக்குகள் வரிசையாக நிற்கும் சாலைகளில் மணிக்கு 30 மைல் என்றிருந்த பொது வரம்பை அந்நாட்டு அரசாங்கம் 20 மைலாகக் குறைத்தது. உடனே பிடித்துக்கொண்டது சண்டை! சட்டத்தை ரத்துச் செய்யவேண்டும் என்று சட்டசபைக்குப் போன மனுவில் ஏறக்குறைய 4 லட்சத்து 70 ஆயிரம் கையெழுத்துக்கள் சேர்ந்தன. அந்தச் சபைக்கு அதற்கு முன் அவ்வளவு பெரிய மனு வந்ததே இல்லை. வேல்ஸின் ஜனத்தொகையோ சுமார் 31 லட்சந்தான்.

இவ்வளவு பேரும் மனித உயிரை மதியாத ராட்சதர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவர்கள் கூறிய ஆட்சேபங்களும் புதியவை அல்ல. "ஆள் நடமாட்டமே இல்லாத சாலையில் ஆமைபோல் ஏன் ஊரவேண்டும்?" என்றார்கள். "வேகமானியையே பார்த்துக்கொண்டிருந்தால் சாலையைப் பார்ப்பது எப்போது?" என்றார்கள். "இதெல்லாம் அபராதம் வசூலிக்கச் செய்யும் தந்திரம்" என்றும் சொன்னார்கள். இந்த மூன்று வாதங்களுக்கும் வயது நூறுக்கு மேல் ஆகிறது. ஆகையால் கொஞ்சம் பழங்கதையைப் பார்ப்போம்.

1865-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் ஒரு சட்டம் செய்தார்கள். அப்போது மோட்டார் பிறக்கவில்லை. நீராவியால் ஓடும் கனத்த வண்டிகள்தான் இருந்தன. அவை கிராமப்புறத்தில் மணிக்கு 4 மைலுக்கு மேலும், ஊருக்குள் 2 மைலுக்கு மேலும் போகக் கூடாது. போதாக்குறைக்கு, ஒரு மனிதன் சிவப்புக் கொடியைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு முன்னால் நடக்க வேண்டும்! ஸ்வாமி புறப்பாட்டுக்கு முன்னால் தீவட்டி போவதுபோல. கொடி பிடிக்கும் விதி பிற்பாடு தளர்ந்துபோயிற்றாயினும் வேக வரம்பு நீடித்தது. 1896-ம் வருஷத் தொடக்கத்தில், கெண்ட் பிரதேசத்துப் பாடக் வுட் என்னும் ஊரில், வால்டர் ஆர்னால்டு என்பவர் மோட்டாரில் சுமார் 8 மைல் வேகத்தில் பறந்து சென்றார். கான்ஸ்டேபிள் ஒருவர் ஸைக்கிளில் துரத்திப் பிடித்தார். அதிவேகக் குற்றத்துக்குக் கிடைத்த அபராதம் 1 ஷில்லிங். அந்த வருஷத்திலேயே சட்டம் தளர்ந்தது. 1903-ல் வரம்பு 20 மைலாயிற்று.

20 மைல் என்று விதித்துவிட்டால் போதுமா? பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே! போலீஸ்காரர்கள் நிறுத்துக் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலிப் புதர்களுக்குள் ஒளிந்திருந்தார்கள். அளந்து வைத்த தூரத்தை வண்டி எத்தனை விநாடியில் கடக்கிறது என்று கணக்கிட்டு, மறுமுனையில் மடக்கினார்கள். மோட்டார்க்காரர்களுக்குக் கோபம் பொங்கி வந்தது. 1905-ல் அவர்கள் கூடி ஆட்டோமொபைல் அஸோஸியேஷன் என்னும் சங்கத்தை ஸ்தாபித்தார்கள். பழுதடைந்த வண்டிக்கு உதவி செய்யும் ஸ்தாபனமாக இன்று பெயர் பெற்றிருக்கும் அந்தச் சங்கத்தின் ஆதி நோக்கம், போலீஸ் பொறி எங்கே இருக்கிறது என்று எச்சரிப்பதுதான்! அதற்காக ஸைக்கிளில் ஆட்களை ஏவினார்கள்.

1910-ல் கோர்ட்டு குறுக்கிட்டது. வரம்பு மீறி வருகிறவருக்கு எச்சரிக்கை கொடுப்பது போலீஸாரின் கடமைக்கு இடையூறு செய்வதாகும் என்று தீர்ப்பாயிற்று. சங்கத்தார் சளைக்கவில்லை. சங்கத்தின் சின்னத்தைத் தாங்கிய வண்டியைக் கண்டால் சேவகன் 'ஸலாம்' வைப்பான்; ஸலாம் வைக்காவிட்டால், வண்டியை நிறுத்திக் காரணம் கேளுங்கள் என்று அங்கத்தினர்களுக்குச் சொல்லிவைத்தார்கள். ஸலாம் வைத்ததற்காக ஒருவனைத் தண்டிக்கலாம். வைக்காததற்காகத் தண்டிக்க எந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது?

இந்த வேடிக்கையைக் கேட்டுச் சிரிக்கிறோம். ஆனால் இதில் சிரிப்புக்கு இடமில்லாத விஷயம் ஒன்றும் அடங்கியிருக்கிறது. கௌரவமான குடும்பஸ்தர்கள், மற்ற எந்தச் சட்டத்தையும் மீறக் கனவிலும் கருதாதவர்கள், இந்த ஒரு சட்டத்தை மட்டும் மீறுவதில் சாமர்த்தியத்தைக் கண்டார்கள். போலீஸ்காரரை ஏமாற்றிவிட்டதாக விருந்தில் சொல்லிப் பெருமைப்பட்டார்கள். மோட்டார்க்காரருக்கும் போலீஸுக்கும் நடக்கும் விளையாட்டாக அது ஆகிவிட்டபோது, சாலையில் நடந்துபோகிற மூன்றாவது மனிதனை இரு தரப்பாரும் மறந்துவிட்டார்கள்.

எல்லாரும் மீறுகிற சட்டம் எதற்கு என்று பார்லிமெண்டிலேயே யோசனை பிறந்தது. 1930-ல் செய்த சட்டத்தினால் கார்களுக்கு வேக வரம்பே இல்லை என்று ஆயிற்று. ஓட்டுகிறவரின் நல்லறிவை நம்புவோம் என்றார்கள். அந்த வருஷத்தில் பிரிட்டிஷ் சாலைகளில் மாண்டவர்கள் 7,305 பேர். நாலு வருஷம் நம்பிப் பார்த்த பிறகு 1934-ல் மாண்டவர்கள் 7,343 பேர். அப்போது போக்குவரத்து மந்திரியாக வந்தவர் ஹோர் பெலிஷா. அவர் காலத்தில்தான் 1935 முதல் ஊர்ப்புறங்களில் 30 மைல் வரம்பு வந்தது. புதிதாக ஓட்ட வருகிறவர்களுக்குப் பரீட்சை கட்டாயமாயிற்று. நடப்பவர்கள் சாலையைக் கடக்கும் இடங்களில் மஞ்சள் குமிழ் விளக்குக் கம்பங்கள் நின்றன. அவற்றுக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. அவ்வருஷத்தில் சாவு சுமார் 6,500 ஆகக் குறைந்தது.

இந்தக் கணக்கை நேயர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அக்காலத்தில் பிரிட்டனில் இருந்த வண்டிகள் எல்லாம் சேர்ந்து சுமார் 24 லட்சம். இப்போது 4 கோடிக்கு மேல். ஆனால் 2023-ல் அங்கே சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,624 பேர். இது வேக வரம்பு ஒன்றினால் மட்டும் வந்த பலன் என்று சொன்னால் பொய்யாகும். குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களை 1967 முதல் மூச்சுச் சோதனையால் பிடித்தார்கள். 1983 முதல் முன் ஆசனத்தில் இருப்பவர்கள் பெல்ட் மாட்டுவது கட்டாயமாயிற்று. வண்டிகளும் வைத்தியமும் மேம்பட்டன. ஆனாலும் இவற்றில் ஏறக்குறைய ஒவ்வொன்றையும், வந்தபோது, "எங்கள் சுதந்திரம் போயிற்று!" என்று சிலர் எதிர்க்கத்தான் செய்தார்கள்.

இனிக் காமிராவுக்கு வருவோம். வேகத்தைப் படம் பிடிக்கும் கருவியைச் செய்தவர் போலீஸ் அதிகாரி அல்ல. மாரிஸ் காட்ஸோனிடிஸ் என்னும் டச்சுக்காரர். 1953-ல் மாண்டி கார்லோ மோட்டார்ப் பந்தயத்தில் வெற்றி பெற்றவர். வளைவுகளில் தாம் எவ்வளவு வேகமாகப் போகிறோம் என்று அளந்து, இன்னும் வேகமாகப் போவதற்காகவே அதைச் செய்தார்! வேகத்தை வளர்க்கப் பிறந்த கருவி வேகத்தை அடக்கப் பயன்பட்டது. பிரிட்டனில் முதன்முதலாக 1992-ல் மேற்கு லண்டனில் டுவிக்கன்ஹாம் பாலத்தில் அது வைக்கப்பட்டது. புதருக்குள் ஒளிந்திருந்த போலீஸ்காரருக்குப் பதில் கம்பத்தின்மேல் ஒரு பெட்டி. அதற்குப் பசியும் இல்லை, தூக்கமும் இல்லை.

காமிராவைப் பற்றி மோட்டார்க்காரர்கள் கூறும் பெரிய குறை, அது பணம் பறிக்கும் பெட்டி என்பது. இதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. 2000-ம் வருஷம் முதல், சோதனையாகச் சில பிரதேசங்களில் தொடங்கி, வசூலாகும் அபராதத்திலிருந்தே காமிராக்களின் செலவை எடுத்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். இதற்குக் கட்டு திட்டங்கள் இருந்தன. முன்பு கொடிய விபத்துக்கள் நடந்த இடங்களிலேயே பெரும்பாலும் காமிரா வைக்கவேண்டும் என்றும் விதி இருந்தது. ஆனாலும் அபராதம் விதிக்கிறவருடைய செலவு அபராதத்திலிருந்தே கிடைக்கிறது என்றால், கேட்கிறவனுக்குச் சந்தேகம் வராமலிருக்குமா? 2007-ல் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டார்கள். கைவிட்டதே நல்லது.

பலன் என்ன என்று ஆராய்ந்த அறிக்கை 2005-ல் வெளியாயிற்று. காமிரா வைத்த இடங்களில் உயிரிழப்பும் பலத்த காயமும் நூற்றுக்கு 42 குறைந்ததாக அதில் கண்டது. ஆட்சேபக்காரர்கள் இதற்கும் ஒரு பதில் சொன்னார்கள்; அது கெட்டிக்காரத்தனமான பதில். ஜுரம் உச்சத்தில் இருக்கும்போதுதான் வைத்தியரைக் கூப்பிடுகிறோம். உச்சத்துக்குப் போன ஜுரம் எப்படியும் சற்று இறங்கும். வைத்தியரோ தம் குளிகையின் மகிமை என்கிறார். அதுபோல, விபத்து மிகுந்த வருஷத்தைப் பார்த்துக் காமிரா வைத்தால், காமிரா இல்லாவிட்டாலும் மறுவருஷம் விபத்து ஓரளவு குறைந்திருக்கும் அல்லவா? இது உண்மைதான். அந்த அறிக்கையிலேயே இதையும் எடுத்துக்கொண்டு ஆராய்ந்திருக்கிறார்கள். தானாகக் குறைந்திருக்கக் கூடியதைக் கழித்தபோது காமிராவின் பெருமை வெகுவாகச் சுருங்கியது. ஆனால் முற்றும் மறைந்துவிடவில்லை. 2010-ல் ஆக்ஸ்போர்டு பிரதேசத்தில் பணமில்லை என்று காமிராக்களை நிறுத்தினார்கள். மறுவருஷமே திரும்பவும் முடுக்கிவிட்டார்கள்.

அபிப்பிராயங்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். அபிப்பிராயத்துக்குக் கட்டுப்படாத கணக்கு ஒன்று இருக்கிறது. பிரிட்டிஷ் சாலை விதிப் புத்தகத்தின்படி, 20 மைல் வேகத்தில் போகும் கார், ஆபத்தைக் கண்ட இடத்திலிருந்து 12 மீட்டரில் நிற்கும். 30 மைல் வேகத்தில் போவது நிற்க 23 மீட்டர் ஆகும். பத்து மைல்தானே அதிகம் என்கிறோம். தூரம் ஏறக்குறைய இரட்டிக்கிறது. 12 மீட்டருக்கு அப்பால் ஒரு குழந்தை பந்தைத் துரத்திக்கொண்டு சாலையில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 மைலில் வந்த வண்டி குழந்தையின் முன்னால் நின்றுவிடும். 30 மைலில் வந்த வண்டியில், ஓட்டுகிறவர் பார்த்துப் பிரேக்கில் காலை வைப்பதற்குள் 9 மீட்டர் போய்விடும். மிச்சம் 3 மீட்டர். குழந்தை நிற்கும் இடத்தை அது அடையும்போது அதன் வேகம் இன்னும் சுமார் 27 மைல் இருக்கும்! ஓட்டுகிறவர் எவ்வளவு கெட்டிக்காரரானாலும் இந்தக் கணக்கு மாறாது.

இதற்கு ஈடாக நாம் கொடுப்பது என்ன? ஒரு மைல் தூரத்தை 30 மைல் வேகத்தில் 2 நிமிஷத்தில் கடக்கலாம். 20 மைல் வேகத்தில் 3 நிமிஷம் ஆகும். ஊருக்குள் மூன்று மைல் போகிறவருக்கு நஷ்டம் 3 நிமிஷம்.

வேல்ஸ் அரசாங்கம் 2024-ல் ஓரளவு விட்டுக்கொடுத்தது. தகுந்த காரணமுள்ள சாலைகளில் 30 மைலைத் திரும்பக் கொண்டுவர ஸ்தல ஸ்தாபனங்களுக்கு வழிகாட்டும் முறைகளைத் திருத்தியது. இதை அரசாங்கத்தின் தோல்வி என்று நாம் கருதவில்லை. ஒரு சாலையில் வரம்பு ஏன் இருக்கிறது என்பது அதில் போகிறவனுக்குப் புலப்பட வேண்டும். பள்ளிக்கூடமும் கடைத்தெருவும் உள்ள இடத்துக்கு ஒரு விதி, வெறிச்சோடிய நெடுஞ்சாலைக்கு ஒரு விதி என்றிருந்தால் ஜனங்கள் மதிப்பார்கள். காமிராவை ஒளித்து வைக்காமல் தெரியும்படி வைக்கவேண்டும். அதன் வருமானத்துக்கும் அதை வைக்கிறவர்களுக்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது. மோட்டார்க்காரர்கள் இவ்வளவு கேட்டால் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்போம்.

ஆனால் அவர்களிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. காலையில் அடுத்த ஊர் வழியாக ஆபீஸுக்குப் போகும்போது வேக வரம்பு அக்கிரமம் என்கிற அதே மனிதர்தான், மாலையில் வீடு திரும்பி வாசலில் நிற்கும்போது, "இந்தத் தெருவில் எப்படித்தான் கண் மண் தெரியாமல் ஓட்டுகிறார்களோ!" என்று அங்கலாய்க்கிறார். இரண்டு அபிப்பிராயமும் அவருடையவைதான். சட்டம் செய்கிறவர்கள் எதை ஏற்றுக்கொள்வது என்று நம்மைக் கேட்டால், வண்டிக்குள் உட்கார்ந்து சொன்னதை விட்டுவிட்டு, வாசலில் நின்று சொன்னதை எடுத்துக்கொள்ளும்படி சொல்வோம்.